அவன், அவள், அவர், அவங்க: பாலின அடையாளமும் நம்ம வினைமுற்றும்

ஆன்லைன்ல சில பேரு ப்ரொஃபைல்ல பேருக்குக் கீழ 'ஷி/ஹெர்', 'ஹி/ஹிம்', 'தே/தெம்'னு எழுதியிருக்கறத பாத்திருப்பீங்க, தங்கள பத்திப் பேசறப்போ எந்தச் சொல்லப் போடணும்னு சொல்ற குறிப்பு அது. அதப் பாத்ததும் ஒரு கூட்டம் 'இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன், நம்மூருக்கு எதுக்கு'ன்னு தள்ளிட்டுப் போயிடுது. இன்னொரு கூட்டம் நல்ல மனசோட அத அப்படியே தமிழுக்கு மாத்தப் பாக்குது, மாத்தற இடத்துல தப்பு பண்ணிடுது. நான் இந்த ரெண்டாவது கூட்டத்துல இருந்தேன்.

நான் இருந்த ஒரு வாசகர் குரூப்ல ஆன்லைன் கூட்டம் ஒண்ணுக்கு ஒரு திருநங்கைய பேசக் கூப்பிட்டிருந்தோம், அறிமுகக் குறிப்பு எழுதற வேலை எனக்கு. அவங்க பயோல ஷி/ஹெர்னு இருந்துச்சு, சரின்னு 'இவள் பதினைந்து வருடங்களாக எழுதி வருகிறாள்'னு ஆரம்பிச்சு முழுக்க அவள், அவள்னே எழுதிட்டேன், ஆண்பால் எங்கயும் வந்துடக் கூடாதேங்கற கவனம் மட்டும் தான் மனசுல இருந்துச்சு. கூட்டத்துக்கு முந்தின நாள் அவங்ககிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு. 'பாலினம் சரியா எழுதியிருக்கீங்க, நன்றி. ஆனா நான் உங்கள விட பன்னெண்டு வயசு பெரியவ. போன மாசம் பேசின எழுத்தாளரையும் அவள்னு தான் எழுதினீங்களா?' போன மாசம் பேசினவங்களும் ஒரு பெண் தான். அவங்களுக்கு நான் 'அவர்'னு தான் எழுதியிருந்தேன்.

அந்த மெசேஜ் எனக்குள்ள ரொம்ப நாள் இருந்துச்சு. பாலின அடையாளம், ப்ரோநவுன் (அவன், அவள், அவர் மாதிரி பேருக்குப் பதிலா வர்ற சொல்லு) பத்தி நம்ம ஆளுங்க பேசறது முக்கால்வாசி இங்கிலீஷ் இலக்கணத்த வச்சுத்தான் நடக்குது. தமிழ்ல பாலும் மரியாதையும் ஒரே சொல்லுக்குள்ள உக்காந்திருக்கு, அதனால நமக்கு இது வேற மாதிரி வேலை செய்யுது. அத முதல்ல இருந்து பாப்போம்.

கஸ்டமர் கேர்ல இருந்து வர்ற 'மேடம்'

குரல் கொஞ்சம் மெலிசா இருக்கற ஆம்பளைங்கள கேட்டுப் பாருங்க. கஸ்டமர் கேர்ல இருந்து ஃபோன் வந்தா 'சொல்லுங்க மேடம்'ம்பாங்க. குரல் உடையாத பத்தாவது படிக்கற பையன் ஃபோன எடுத்தா 'அம்மாவா பேசறது?'ம்பாங்க. அந்தப் பையனுக்கு சுர்ருனு ஏறும். ஏன் ஏறுது? எதிர்ல இருக்கறவங்க திட்டல, மரியாதையா தான் பேசினாங்க. ஆனா 'நான் யாரு'ன்னு அவனுக்குள்ள தெளிவா தெரிஞ்ச ஒண்ண அவங்க மாத்திச் சொல்லிட்டாங்க.

அந்தத் தெளிவுக்குப் பேரு தான் பாலின அடையாளம், அதாவது நான் ஆண், நான் பெண், இல்ல இந்த ரெண்டுலயும் அடங்காத ஒருத்தர்னு ஒரு மனுஷருக்குள்ள நிலையா இருக்கற உணர்வு. இது எல்லாருக்கும் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு வெளியில கூப்பிடறதும் உள்ள இருக்கறதும் ஒத்துப் போறதால அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, செருப்பு சரியா இருக்கறப்போ பாதத்த பத்தி யாரும் யோசிக்கறதில்லையே, அந்த மாதிரி. அந்தப் பையனுக்கு ரெண்டு வருஷத்துல குரல் உடைஞ்சுடும், அதோட முடிஞ்சுது. சில பேருக்கு வீட்டுல, ஸ்கூல்ல, ரேஷன் கார்டுல, ஹாஸ்பிட்டல் க்யூவுலன்னு வாழ்க்கை முழுக்க அந்த ஃபோன் கால் வந்துட்டே இருக்கு. அத நெனச்சுப் பாத்தா பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

கலந்து கட்டிப் பேசற நாலு விஷயம்

கமெண்ட்ல நடக்கற சண்டைல நெறைய நாலு வேற வேற விஷயத்த ஒரே மூட்டையா கட்டறதால வருது, அதனால ஒவ்வொண்ணா பிரிச்சு வச்சுக்குவோம்.

பொறந்தப்போ உடம்பப் பாத்து டாக்டரோ நர்ஸோ எழுதறது பிறப்புப் பால். உள்ளுக்குள்ள இருக்கற உணர்வு பாலின அடையாளம், அத மேலயே சொல்லிட்டேன். டிரஸ், முடி, நடை, பேச்சுன்னு வெளியில காட்டறது பாலின வெளிப்பாடு. யார் மேல காதல் வருதுங்கறது பாலீர்ப்பு. இந்த நாலும் ஒரே திசைல போகணும்னு கட்டாயம் இல்ல. முடிய ஒட்ட வெட்டிட்டு ஜீன்ஸ் போட்ட பொண்ணு, பொண்ணு தான். பொட்டு வச்ச பையன், பையன் தான். 'அவன் கேயாம், அப்போ அவனுக்குப் பொண்ணா மாறணும்னு ஆசையா'ன்னு கேக்கறவங்க பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் ஒண்ணாக்கிடறாங்க. அந்தப் பையன் தன்ன ஆணா தான் உணர்றான், இன்னொரு ஆணை விரும்பறான், அவ்வளவு தான்.

பிறப்புப் பாலும் பாலின அடையாளமும் ஒத்துப் போகாதவங்களுக்குப் பொதுவான சொல்லு திருநர். அதுல பெண்ணா தன்ன உணர்றவங்க திருநங்கை, ஆணா உணர்றவங்க திருநம்பி. ரெண்டுக்குள்ளயும் அடங்காதவங்க நான்-பைனரி. பிறக்கறப்போ உடம்பு அமைப்பே ஆண், பெண்ங்கற வழக்கமான வகைக்குள்ள வராதவங்க ஊடுபால், இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால இத திருநரோட குழப்பிக்க வேண்டாம்.

இந்தச் சொற்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. முன்னாடி கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவோட சேத்து அரவாணின்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2008 ஏப்ரல் 15 அன்னைக்குத் தமிழ்நாடு அரசு நல வாரியம் ஆரம்பிச்சப்போ கூட அரவாணிகள்ங்கற சொல்லு தான் பேர்ல இருந்துச்சு, அப்புறம் திருநங்கை பரவலாச்சு. சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்னதுக்கு அப்புறம் 2022ல தமிழ்நாடு அரசு இதுக்கான தமிழ்ச் சொற்பட்டியல அரசிதழ்லயே வெளியிட்டுச்சு. தமிழ்ல அரசாங்கமே பட்டியல் போட்டிருக்கறது சின்ன விஷயம் இல்ல.

'ஆபரேஷன் பண்ணியாச்சா, பண்ணாம எப்படி'ன்னு கேக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். நல்சா, அதாவது தேசிய சட்டப் பணிகள் ஆணையம், போட்ட வழக்குல 2014 ஏப்ரல் 15 அன்னைக்கு வந்த தீர்ப்புல உச்ச நீதிமன்றம், ஒருத்தரோட பாலினத்த அவங்களே சொல்றது அவங்க உரிமை, அதுக்கு அறுவை சிகிச்சைய நிபந்தனையா வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2019ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை முன்னாடி வந்தது ஒரே ஒரு சொல்ல பத்தின வழக்குன்னே சொல்லலாம். இந்து திருமணச் சட்டத்துல 'மணமகள்'னு இருக்கறது திருநங்கையையும் குறிக்குமா? குறிக்கும்னு தீர்ப்பு வந்துச்சு. ஒரு சொல்லுக்குள்ள யாரு வர்றாங்க, யாரு வரலைங்கறதுல ஒரு கல்யாணமே நிக்குது.

சுருக்கமா: உடம்பு, உணர்வு, தோற்றம், காதல் நாலும் தனித்தனி. ப்ரோநவுன் இதுல ரெண்டாவதோட, அதாவது உணர்வோட சம்பந்தப்பட்டது.

ஆன்ட்டியா, அக்காவா?

'ஒவ்வொருத்தர்கிட்டயும் உங்கள எப்படிச் சொல்லணும்னு கேட்டுட்டு இருக்க முடியுமா'ன்னு கேக்கறாங்க. நாம அத தினமும் செஞ்சுட்டு தான் இருக்கோம். முப்பது வயசுப் பொண்ண பக்கத்து வீட்டுப் பையன் ஆன்ட்டின்னு கூப்பிட்டா 'அக்கான்னு கூப்பிடு'ன்னு அவங்க சொல்லுவாங்க, அவனும் மாத்திப்பான். புதுசா வந்த மருமகள், மாமியார அத்தைன்னு கூப்பிடறதா அம்மான்னு கூப்பிடறதான்னு கேட்டுக்குவா. ஆபீஸ்ல மேனேஜர் 'சார் எல்லாம் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க'ம்பாரு. எந்த ஊரு, எந்த முறை, மாமாவா சித்தப்பாவான்னு விசாரிச்சு விசாரிச்சுக் கூப்பிடற ஜனம் நாம. எப்படிக் கூப்பிடணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறது நம்ம ஊரு பழக்கம் தான், அந்தப் பழக்கத்த இன்னும் ஒரு படி நீட்டணும்.

ஆன்லைன்ல இது ஏன் அதிகமா தெரியுதுன்னா அங்க முகம் இல்ல, குரல் இல்ல. ஒரு பூனை படம், ஒரு புனைபேரு, அவ்வளவு தான் இருக்கு. நாமளா ஊகிக்கறோம், அந்த ஊகம் பெரும்பாலும் ஆண்ல போய் விழுது. கேமிங் குரூப்ல நல்லா ஆடற யாரா இருந்தாலும் 'ப்ரோ செமயா ஆடறான்'. சமையல் குரூப்ல எல்லாரும் 'சிஸ்'. ஃபேஸ்புக் 2014லயே ஆண், பெண் தவிர வேற பாலினங்களையும் ப்ரோநவுனையும் தேர்ந்தெடுக்க விட்டுச்சு, இன்ஸ்டாகிராம் 2021 மே மாசம் ப்ரோநவுனுக்குன்னே பயோல ஒரு இடம் குடுத்துச்சு. அந்தப் பெட்டி இங்கிலீஷ நெனச்சுப் பண்ணது. நம்ம மொழிக்கு அந்தப் பெட்டி மட்டும் போதாது, ஏன்னு அடுத்துப் பாப்போம்.

தமிழ்ல பால் ஒளிஞ்சிருக்கற இடம்

இவ்வளவு தூரம் படிச்சுட்டீங்க, நான் ஆணா பெண்ணான்னு இன்னும் உங்களுக்குத் தெரியாது. நான் எதையும் மறைச்சு எழுதல. 'எழுதினேன்', 'இருந்தேன்'ங்கறதுல பால் கிடையாது. 'நீ வந்தே', 'நீங்க வந்தீங்க'லயும் கிடையாது. ஹிந்தில 'நான் போறேன்'னு சொல்லவே ஆணுக்கு 'ஜாதா ஹூ(ன்)', பெண்ணுக்கு 'ஜாதீ ஹூ(ன்)', வாயத் திறந்ததுமே பாலினம் வெளிய வந்துடும். தமிழ்ல ஒருத்தர் அஞ்சு வருஷம் ஒரு குரூப்ல பேசிட்டு இருந்தாலும் வெளிய வராது.

அவங்கள பத்தி நாம பேசறப்போ தான் வரும். அதாவது படர்க்கைல, அவன், அவள், அவர், அதுங்கற இடத்துல. இங்கிலீஷ்ல ஹி, ஷின்னு அந்தச் சின்னச் சொல்லோட பிரச்சினை முடிஞ்சுது. தமிழ்ல அந்தச் சொல்ல விட்டுட்டாலும் தப்பிக்க முடியாது, வினையோட வாலுல அது உக்காந்திருக்கும். சொன்னான், சொன்னா, சொன்னாரு, சொன்னாங்க, சொல்லுச்சு. வாக்கியத்த முடிச்சு வைக்கற இந்த வினைக்கு வினைமுற்றுன்னு பேரு, அது ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால்னு அஞ்சுல ஒண்ணத் தேர்ந்தெடுத்தே ஆகணும். அதனால படர்க்கைல ஒரு மனுஷர பத்தி எழுதற ஒவ்வொரு வாக்கியமும் அவங்க பாலினத்தப் பத்தின ஒரு முடிவு. மலையாளத்துல இந்தத் தொல்லை இல்ல, அவன் வந்நு, அவள் வந்நு, வினை மாறாது. ஃபின்னிஷ்ல சொல்லே ஒண்ணு தான், ஆணோ பெண்ணோ 'ஹான்'.

ஆனா ஒரு வழியும் தமிழே வச்சிருக்கு. முடியாம நிக்கற வினைக்கு, அதாவது எச்சத்துக்கு, பால் இல்ல. 'சொன்ன விஷயம்', 'போட்ட படம்', 'கேட்டு வச்ச கேள்வி', இதுல சொன்னது யாராவும் இருக்கலாம். முகம் தெரியாத ஒருத்தங்கள பத்தி எழுதறப்போ 'இவன் கரெக்டா சொன்னான்'க்கு பதிலா பேரைப் போட்டு 'சொன்ன பாயிண்ட் கரெக்ட்'னு முடிச்சுடலாம். நான் குரூப்ல இப்படித்தான் எழுதறேன், யாரும் வித்தியாசமா கவனிச்சதே இல்ல.

மரியாதை எந்தப் படில நிக்குது

இப்போ என் தப்புக்கு வர்றேன். 'ஷி'ங்கறதுல மரியாதையும் இல்ல, மரியாதைக் குறைவும் இல்ல, நாட்டுத் தலைவரும் ஷி, ஆறு வயசுக் குழந்தையும் ஷி. 'அவள்' அப்படி இல்ல. ரொம்ப நெருக்கமா இருக்கணும், வயசுல சின்னவங்களா இருக்கணும், இல்லன்னா அது கீழ இறக்கற சொல்லு. திருநங்கைகள தெருவுல காலம் காலமா 'டேய்', 'அவன்', 'அது'ன்னே கூப்பிட்டுட்டு வந்திருக்காங்க. அவன்ல இருந்து அவளுக்கு மாத்தினா பால் சரியாகுது, நிக்கற படி மாறல. எனக்கு மெசேஜ் அனுப்பினவங்க சொன்னது இதத்தான்.

சரி, 'அவர்'னு போட்டுடலாமே, அது பொதுவாச்சேன்னு தோணும். எழுத்துத் தமிழ்ல பொது தான். பேப்பர்ல 'அமைச்சர் கூறினார், அவர் மேலும்...'னு படிச்சா அமைச்சர் ஆணா பெண்ணான்னு தெரியாது. ஆனா சாட்ல நாம எழுத்துத் தமிழ் அடிக்கறதில்லையே, பேச்சுத் தமிழ் தான் அடிக்கறோம், பேச்சுல 'அவரு வந்தாரு'ன்னா கேக்கற காதுக்கு அது ஆம்பள. 'எங்க டீச்சர் வந்தாரு'ன்னு யாரும் லேடி டீச்சர சொல்ல மாட்டாங்க, 'வந்தாங்க'ன்னு தான் சொல்லுவாங்க. அதனால திருநங்கைய மரியாதையா சொல்றோம்னு நெனச்சு 'அவரு சொன்னாரு'ன்னு சாட்ல அடிச்சா பழைய தப்பையே மரியாதையோட பண்ற மாதிரி ஆயிடுது. பேச்சுல பெண்ணுக்கும் பொருந்தற, நான்-பைனரிக்கும் பொருந்தற, பாலினமே தெரியாதவங்களுக்கும் பொருந்தற மரியாதைச் சொல்லு 'அவங்க'. தெக்கத்திப் பக்கம் அவுக, கோயமுத்தூர்ப் பக்கம் இன்னொரு மாதிரி, எல்லாம் இந்தக் குடும்பம் தான். திருநம்பிய 'அவரு'ன்னு சொன்னா அவங்களுக்கு அது இனிக்கும், அங்க தாராளமா சொல்லலாம்.

ஊருக்கு ஊரு படியும் மாறும். யாழ்ப்பாணப் பேச்சுல 'அவ வந்தவ'ன்னா மரியாதையா சொல்றது. தமிழ்நாட்டுல அதே 'அவ', அவள் தான். ரெண்டு ஊர் ஆளுங்களும் இருக்கற குரூப்ல ஒருத்தர் மரியாதையா சொன்னது இன்னொருத்தருக்கு சுருக்குனு குத்தும், சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எந்த ஊருன்னு பாத்துக்கணும்.

'அது' பத்தித் தனியா சொல்லணும். தூங்கற குழந்தைய 'அது பாவம், பசில தூங்கிடுச்சு'ன்னு சொல்லுவோம், அதுல பாசம் இருக்கு. அதே சொல்ல வளர்ந்த மனுஷர் மேல போட்டா, உயர்திணைல இருந்து அஃறிணைக்குத் தள்றோம், மனுஷக் கூட்டத்துல இருந்து வெளிய விடறோம். தெலுங்குல ஒரு பொண்ணு வந்தாலும், ஒரு மாடு வந்தாலும் வினை 'வச்சிந்தி' தான், அங்க அது வசவு இல்ல. தமிழ்ல வசவு, அதுவும் ரொம்பக் கொடூரமான வசவு. தெரியாம சொல்லிட்டேன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா தமிழ் பேசற நாலு வயசுக் குழந்தைக்கும் எத அதுன்னு சொல்லணும், யார அதுன்னு சொல்லக் கூடாதுன்னு தெரியும்.

சுருக்கமா: இங்கிலீஷ் பயோல ஷி/ஹெர்னு இருந்தா பேச்சுத் தமிழ்ல 'அவங்க', எழுத்துத் தமிழ்ல 'அவர்'. அவள்ங்கறது அவங்களே உரிமை குடுத்தா மட்டும்.

ஒருத்தருக்கு எப்படிப் பன்மை?

'தே/தெம்'ல நெறைய பேருக்கு இருக்கற கோவம் இலக்கணக் கோவம். தேன்னா பல பேரு, ஒரே ஆளுக்கு எப்படிப் போடறதுன்னு. இங்கிலீஷ்லயே ஒரு ஆளுக்கு தே போடறதுக்கு 1375 வாக்கில எழுத்துச் சான்று இருக்குன்னு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டுது, நான்-பைனரி ஒருத்தரக் குறிக்கற அதோட புதுப் பயன்பாடு பரவினதுல 2019ல மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே'வ அந்த வருஷத்தோட சொல்லா அறிவிச்சுச்சு.

ஆனா இத நமக்கு இங்கிலீஷ்காரங்க வந்து சொல்ல வேண்டியதில்ல. 'அவர்'ங்கறதே பலர்பால் சொல்லு தான், அவனும் அவளும் சேந்தா அவர். அத ஒத்த ஆளுக்கு மரியாதையா போட ஆரம்பிச்சு, அப்புறம் பன்மைக்கு ஆள் இல்லாம போய் 'அவர்கள்'னு இன்னொரு பன்மைய ஒட்டினோம். ஒருவர பன்மைல சொல்றது இலக்கணப்படி வராது, ஆனா உயர்வு கருதி வழக்குல இருக்குன்னு தொல்காப்பியமே சொல்லுது. 'ஒருவர்'ங்கற சொல்லு ஆண், பெண் ரெண்டு பாலுக்கும் பொது, அது பன்மை வினையோட தான் முடியும்னும் சொல்லுது. பால் சுட்டாத சொல்லு, ஒரே ஆளு, பன்மை வினை. 'தே'க்கு இத விட நல்ல விளக்கம் எனக்குத் தெரியல.

தொல்காப்பியத்தோட சொல்லதிகாரத்துல ஆண்மை திரிஞ்சவங்கள, அதாவது ஆண் தன்மைல இருந்து மாறினவங்கள பத்தியும் இருக்கு. அவங்க உயர்திணை. அவங்களக் குறிக்கற பேரு ஆண்பால் முடிவ ஏத்துக்காது. இத முதல் தடவ படிச்சப்போ புத்தகத்த மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அந்தக் காலத்துல அவங்கள எப்படி நடத்தினாங்கங்கறது வேற கேள்வி, அதுக்கு இத வச்சுப் பதில் சொல்ல முடியாது. ஆனா 'அவன்'னு சொல்லாத, 'அது'ன்னு சொல்லாதங்கறது வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வந்து எறங்கின யோசனைன்னு சொல்றவங்க இந்த ரெண்டு சூத்திரத்தையும் ஒரு தடவ வாசிக்கணும்.

சாட்ல நடைமுறையா

தெரியலன்னா அவங்க. பயோல ஏதாவது எழுதியிருந்தா அதுப்படி. தெரிஞ்சுக்கணும்னா தனி மெசேஜ்ல 'உங்கள எப்படிச் சொல்லட்டும்'னு ஒரு வரி, குரூப்ல எல்லாரும் பாக்கற மாதிரி கேக்க வேண்டாம், ஏன்னா அங்க சொல்றதுக்கு அவங்க தயாரா இல்லாம இருக்கலாம், வீட்டு ஆளுங்களே அதே குரூப்ல இருக்கலாம். ஒருத்தர் உங்ககிட்ட சொன்னத அவங்க அனுமதி இல்லாம இன்னொரு குரூப்ல சொல்லக் கூடாது, சில வீடுகள்ல அது அடி வாங்கறதுல போய் முடியும், வீட்ட விட்டுத் துரத்தறதுல போய் முடியும். கூப்பிடற சொல்லையும் பாத்துக்கோங்க, டா, டி, ப்ரோ, சிஸ் எல்லாத்துலயும் பால் இருக்கு, தோழர், மக்கா மாதிரி சொல்லுல இல்ல.

வாய் தவறிடுச்சுன்னா 'சாரி, சொன்னாங்க'ன்னு திருத்திட்டு விஷயத்துக்குப் போயிடுங்க. பத்து வரி மன்னிப்புக் கேட்டா, அவங்க உக்காந்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிடும். நான் அந்த அறிமுகக் குறிப்புக்கு அப்படி ஒரு நீள மெசேஜ் அனுப்பினேன். 'பரவால்ல, நாளைக்கு எத்தன மணிக்கு ஜாயின் பண்ணணும்?'னு மட்டும் பதில் வந்துச்சு.

நெறைய பேர் மாட்டிக்கற இடம் பழைய கதை. இப்போ திருநங்கையா இருக்கற ஒரு ஃப்ரெண்ட பத்தி ஸ்கூல் நாள் ஞாபகத்த எழுதறப்போ 'அப்போ அவன்தானே'ன்னு ஆண்பாலும் பழைய பேரும் வந்து விழுந்துடும். அவங்க அப்பவும் உள்ளுக்குள்ள இவங்க தான், நமக்குத் தெரியல, அவங்களால சொல்ல முடியல. அதனால கதை எந்த வருஷத்துல நடந்தாலும் இப்போ இருக்கற பேரும் இப்போ இருக்கற வினைமுற்றும் தான். ஏழாவது படிக்கறப்போ என் பக்கத்து பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க. மேப்புல ஆறு வரையறதுல க்ளாஸ்லயே அவங்க தான் ஃபர்ஸ்ட், காவிரிய எனக்கும் சேத்து வரைஞ்சு குடுத்தாங்க.